பாடசாலை மலர்கள் காட்டும் ஊர்

யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் அச்சேறும் வெளியீடுகளுட் கவிதைத் தொகுதிகளும் சிறுகதைத் தொகுதிகளும் விமரிசகர் கண்ணுக்குத் தப்புவதில்லை. வெளியீட்டு விழா நடைபெறுகின்றது, ஆய்வுரை நிகழ்த்தப்படுகின்றது, சில நாள் கழித்துப் பத்திரிகையிற் குறிப்பொன்று வருகின்றது. ஆயின் நம் மக்கள் கையை உண்மையாகவே சென்றடையும் அச்சுப் படைப்புகள் வேறு. ஒன்று, அந்தியேட்டி நாளில் வழங்கப்படும் கல்வெட்டு. மற்றையது, பாடசாலை மலர். வைரவிழா, பவளவிழா, நூற்றாண்டு விழா என ஏதாயினும் ஒரு விழாவையொட்டி வெளிவரும் இம்மலர்கள் கவிதை நூல்களைப் போலக் கட்டுக் கட்டாகப் பரணிற் கிடப்பதில்லை. வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் அவற்றுக்கு இடமுண்டு. கனடாவுக்கும் இலண்டனுக்கும் பயணப் பெட்டிகளில் அவை செல்கின்றன. இவற்றை இலக்கியமெனக் கொள்ளல் தகுமோ எனப் பண்டிதர் வினவக்கூடும். ஓர் ஊரவர் தம்மைப் பற்றித் தாமே எழுதித் தம் பிள்ளைகளுக்கெனச் சேமித்து வைக்கும் எழுத்தை இலக்கிய மாணவன் படிக்காது விடுவானாயின், அவன் தன் சமுதாயத்தைப் பற்றி வேறெங்கு அறியப் போகின்றான்?

ஒரு காரணம் பற்றி (அதனைப் பின்னர்க் கூறுவோம்) குடாநாட்டின் ஆரம்பப் பாடசாலைகள் வெளியிட்ட மலர்கள் இருபத்துமூன்றினைச் சென்ற ஆண்டிலே தேடிப் படிக்க நேர்ந்தது. அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. முதலிற் பாடசாலைக் கீதம். அடுத்து ஆசிச் செய்திகள்; கல்விப் பணிப்பாளர்கள் பதவி வரிசை பிறழாமல் நிற்பர். பின்னர் அதிபரின் உரை. அதன்பின் ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என்பது போன்றதொரு தலைப்பிற் பாடசாலையின் வரலாறு. முகாமையாளர், தலைமையாசிரியர் பட்டியல், காணி வழங்கியோரின் படங்கள், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய சிறார்களின் படங்கள், நகைக்கடை விளம்பரங்கள், ஈற்றில் நன்றி நவிலல். பிள்ளைகள் எழுதிய பகுதியும் உண்டு. அதிற் பெரும்பாலானவை ஆசிரியர் சொல்ல எழுதியவை என்பது வாசித்த உடனே தெரியும். ஒரு மலரில் மட்டும், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளி மாமரத்துத் தேன்கூட்டைப் பற்றி எழுதிய பத்து வரிகளைக் கண்டோம். அம்மலரிலே தாம் கண்டதை எழுதியவர் அச்சிறுமி ஒருத்தியே.

வரலாற்றுக் கட்டுரைகளிலே எழுவாயாகப் பெரிதும் பயின்று வருவது ‘ஊர்’ என்னுஞ் சொல். ஊர் கூடிற்று, ஊர் காணி வழங்கியது, ஊர் கொட்டில் அமைத்தது, ஊர் பள்ளியைக் கண்போற் காத்தது. இருபத்துமூன்று மலர்களிலும் இச்சொல் மாறவில்லை. ஆயின் அவ்வூரில் அடங்குவோர் யாவர் என்று தேடினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. படங்களைப் பார்த்தால் தலைப்பாகையும் சால்வையும் தெரிகின்றன. பட்டியலைப் பார்த்தால் உடையார், விதானையார், பரியாரியார், சட்டம்பியார் ஆகியோர் பெயர்கள் தெரிகின்றன. கொட்டிலுக்குக் கிடுகு பின்னியவர் யார், கல் சுமந்தவர் யார், அவர்களின் பிள்ளைகள் அக்கொட்டிலினுள் எங்கே இருந்தனர் என்பனவற்றுக்கு மலர்களில் விடையில்லை.

இந்த வினா பழங்கதை பற்றியதன்று. இன்று கல்வி அதிகாரிகள் நாவில் ஓயாது வழங்குந் தொடர் ‘சமூகப் பங்குபற்றல்’ என்பது. அரசாங்கப் பாடசாலையை நடத்துவதிற் பெற்றோர், பழைய மாணவர், ஊரவர், நலன்விரும்பிகள் யாவரும் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. கருத்தளவில் இதனை மறுப்பார் இலர், நாமும் மறுக்கவில்லை. ஆயின் இது ஏதோ உலக நிறுவனங்கள் அண்மையிற் கண்டுபிடித்து நமக்கு அனுப்பிவைத்த புதுமருந்து போலப் பேசப்படுவதே வியப்பாயுள்ளது. யாழ்ப்பாணத்தில் நூறாண்டுக்கு மேலாக ஊரும் சபையும் சங்கமுமே பள்ளியை நடத்தி வந்தன. அவை எவ்வாறு நடத்தின என்பதனை அறியாமல், இனி எவ்வாறு நடத்த வேண்டும் என்று பேசுதல் பொருந்தாது.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிற் பள்ளி தொடங்கினர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1923இற் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. அதனை வளர்த்த இராசரத்தினத்தின் பெயரோடு ‘இந்து போட்’ என்பதும் ஒட்டிக்கொண்டது. வீடுதோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளி நடத்திய காலம் அது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பெண்களின் கை இப்பள்ளிகளுக்குப் பின்னே உண்டு என்பதனை நாம் மறந்துவிடலாகாது. குடாநாட்டின் எழுத்தறிவு அந்தக் கைகளுக்குப் பெரிதுங் கடன்பட்டது. இன்றுங்கூடப் பள்ளிப் பெயர்ப் பலகைகளிலே ‘அ.மி.த.க.’, ‘றோ.க.த.க.’ என நிற்கும் எழுத்துகள் அந்தக் காலத்தின் எச்சங்களே. அமெரிக்கன் மிஷன் தமிழ்க் கலவன், றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் என அவற்றை விரிக்கத் தெரியாத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உளர். சில ஊர்களிலே அரை மைல் தூரத்துள் மிஷன் பள்ளியொன்றும் சைவப் பள்ளியொன்றும் எதிரெதிரே நிற்பதற்குக் காரணம் பிள்ளைகள் தொகையன்று, மதப் போட்டியே.

ஆயினும் மலர்கள் ஒன்றை மறைக்கின்றன. உதவிபெறும் பாடசாலைகள் என்ற பெயரே காட்டுவது போல, இவை முகாமையாளரின் கொடையால் மட்டும் நடந்தவையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அரசாங்க நன்கொடை இவற்றுக்குக் கிடைத்து வந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னர் ஆசிரியர் சம்பளச் சுமையைப் பொதுப்பணமே தாங்கியது. தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து கிள்ளிய பெண்ணின் உழைப்பும் அப்பணத்தில் அடக்கம். பணம் எல்லோருடையதாயிருக்க, நியமிக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் முகாமையாளரிடம் இருந்தன. யார் மருமகன் ஆசிரியனாவது, யார் பிள்ளை எந்தப் படிவரை கற்பது என்பவற்றை முகாமையாளரின் விறாந்தை தீர்மானித்தது. கையொப்பமிட்ட தொகைக்கும் கையிற் பெற்ற தொகைக்கும் இடையே வேறுபாடு இருந்ததென முதிய ஆசிரியர் சிலர் கூறக் கேட்டுள்ளோம். மலர்களில் அம்முகாமையாளர்கள் யாவரும் வள்ளல்களாகவே வருகின்றனர்.

இனி, மலர்கள் பேசாத பெரும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1920களின் இறுதியில், உதவிபெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் யாவருக்குஞ் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டும் எனக் கல்விப் பகுதி பணித்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள், அனுமதிக்கப்பட்ட பள்ளிகளிலுங்கூட, நிலத்தில் இருந்தனர். வாங்கு மற்றையோருக்கே உரியதாயிருந்தது. பணிப்பு வந்ததும் நம் ‘ஊர்’ கூடிற்று. பெற்றோர் பிள்ளைகளை மறித்தனர். விண்ணப்பங்கள் கொழும்புக்குப் பறந்தன. பள்ளிக் கொட்டில்கள் சில இரவிலே எரிந்தன. ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கம் இவ்வுரிமைக்காக வாதாடியது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கமும், அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரும் சம ஆசனத்தையும் சமபந்தி போசனத்தையும் ஆதரித்தனர். ஆயினும் பல பள்ளிகளில் அதற்குப் பின்னரும் நீண்டகாலம் பிள்ளைகள் நிலத்திலேயே இருந்தனர்.

சமூகப் பங்குபற்றல் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்ச்சியைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். பெற்றோர் திரண்டனர், பாடசாலை விடயத்தில் ஆர்வங் காட்டினர், பணஞ் செலவிட்டனர், அதிகாரிகளோடு வாதிட்டனர். இன்றைய சுற்றறிக்கைகள் விரும்புவன யாவும் அங்கு இருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே: நிலத்தில் இருந்த பிள்ளையின் தாய்தந்தையர்க்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை.

அக்காலத்தை நம் மலர்கள் எழுதும் வகையினை இலக்கண மாணவர் கவனித்தல் நன்று. அதுகாறும் செய்வினையில் நடந்த உரைநடை 1930ஐ அணுகியதும் திடீரெனச் செயப்பாட்டு வினைக்கு மாறுகின்றது. சில காரணங்களால் மாணவர் வரவு பாதிக்கப்பட்டது என்பார்கள். அக்காலத்தில் ஏற்பட்ட சில பிரச்சினைகளின் பின் கொட்டில் மீள அமைக்கப்பட்டது என்பார்கள். காணியை ஊர் கொடுத்தது. தீயை மட்டும் எவரும் வைக்கவில்லை, அது வைக்கப்பட்டது! தமிழிற் செயப்பாட்டு வினை ஆங்கிலத்தாற் பெருகியது என நம் பேராசிரியர்கள் கற்பித்தனர். யாழ்ப்பாணத்தில் அதனைப் பெருக்கியதில் மனச்சாட்சிக்கும் பங்குண்டு போலும்.

பள்ளிக்கூடம் சிலரை உள்ளே விடாமையாலும், உள்ளே விட்டபின் அவமதித்தமையாலும் நம் இலக்கியம் பெற்றதும் இழந்ததும் பல. டொமினிக் ஜீவா ஆசிரியர் ஒருவரின் சாதிச் சொல் பொறாது சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர் என்பது யாவரும் அறிந்தது. அவர் சிகையலங்கார நிலையத்தில் நின்றுகொண்டே கற்று, 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். அவ்வாறு வெளியேறிய பிள்ளைகளுள் ஜீவா ஆகாதவர்களின் தொகையை எந்த மலரில் தேடுவது?

கதவு அடைக்கப்பட்டோர் வாளாவிருந்தனர் என்றும் எண்ணலாகாது. 1914இல் வடமராட்சியிலே சூரன் அவர்கள் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். தம் மக்களின் பிள்ளைகள் பிறர் திண்ணையில் ஒதுங்கி நில்லாமல் தம்முடைய கூரையின்கீழ் இருந்து படிப்பதற்கென எழுப்பப்பட்ட பள்ளி அது. சமூகம் பாடசாலையை நடத்துதல் என்றால் என்னவென்று அறிய விரும்புவோர் உலக நிறுவன அறிக்கைகளைப் புரட்டுமுன் ‘சூரன் சுயசரிதை’யைப் படித்தல் வேண்டும். பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்த அப்பள்ளியின் ஆசிரியருள் ஒருவரே நம் தெணியான். அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையும், எம். சி. சுப்பிரமணியம் போன்ற அதன் தலைவர்களும் 1940கள் தொடக்கம் பாடசாலைக்காகவே ஓயாது உழைத்தனர். நாம் படித்த மலர்களுள் இவ்வகைப் பள்ளிகளுடையவை மூன்று. அவற்றின் வரலாற்றுக் கட்டுரை வேறு நடையில் அமைந்திருக்கின்றது. வள்ளல் பட்டியல் அங்கில்லை. இன்னார் பனைமரம் தந்தார், இன்னார் ஏழு நாள் கூலியின்றி வேலை செய்தார், இன்னாரின் மனைவி கஞ்சி காய்ச்சினார் என்று பெயர் பெயராக வருகின்றது. அச்சுப்பிழை மலிந்த அம்மலர்களை நாம் ஈரிரு முறை படித்தோம்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அவ்வாண்டு டிசெம்பர் முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. உதவிபெறும் பாடசாலைகளின் முகாமை வித்தியாதிபதி கைக்கு மாறிற்று. மறு ஆண்டுச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கிற்று. கட்டணம் அறவிடாத தனியார் பள்ளிகளாக ஒதுங்கி நின்றவை சில. ஏனையவை யாவும் அரசினர் பள்ளிகளாயின. விறாந்தை ஆட்சி ஒழிந்தது. தகுதி பெற்ற எவரும் எப்பள்ளியிலும் ஆசிரியராகலாம் என்ற நிலை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய முதல் ஆசிரியத் தலைமுறைக்கு அது பெருவாசல். இம்மாற்றத்தை முற்போக்காளர் வரவேற்றதில் தவறேதுமில்லை. இன்றும் நாம் அதனை வரவேற்போம். மலர்களிலோ இப்பெரு நிகழ்ச்சிக்குக் கிடைப்பது ஒற்றை வரி. அதிலும் பல, பொற்காலம் முடிந்தது என்னுந் தொனியில் அமைந்தவை.

ஆயின் அரசு பொறுப்பேற்றபோது ஒன்றை எண்ணத் தவறிவிட்டது. முகாமையாளரிடமிருந்து எடுத்த அதிகாரத்தை அது கந்தோருக்குக் கொண்டு சென்றது. முன்னர் விறாந்தைக்குள் நுழையாத தாய் கந்தோருக்குள்ளும் நுழையவில்லை. பெற்றார் ஆசிரியர் சங்கங்கள் இருந்தன; பின்னர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் வந்தன. 1993இற் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கெனச் சட்டமே இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஆட்சி மாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. 2006 முதல் ‘பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித் திட்டம்’ என்ற பெயரில் அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கொண்ட குழுக்கள் அமைந்தன. மாகாணத்துக்குக் கல்வி பகிரப்பட்ட பின்னர், வடக்கு மக்கள் தெரிந்தெடுத்த சபையொன்று 2013 முதல் 2018 ஒக்டோபர் வரையே இருந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. ஆக, மேலே மக்கள் சபையுமின்றிக் கீழே குழுக்களின் பெயர் மட்டும் மாறி மாறி வந்தது.

அக்குழுக்களில் நடப்பது யாது? நாம் கற்ற ஊர்ப் பள்ளி ஒன்றின் சங்கக் கூட்டத்துக்குப் பழைய மாணவர் என்ற முறையில் நாம் சென்றிருந்தோம். வேலைநாள், பிற்பகல் மூன்று மணி. வெங்காயத் தோட்டத்திற் கூலிக்கு நிற்பவரும், மேசன் வேலைக்குப் போனவரும், கடையில் நிற்கும் பெண்களும் அந்நேரத்துக்கு வர முடியாது என்பதனை நேரங் குறித்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. எனினும் பன்னிரண்டு தாய்மார் வந்திருந்தனர்; பின்வரிசையில் இருந்தனர். முன்வரிசையில் இருந்தோரில் ஒருவரது பிள்ளைதானும் அப்பள்ளியிற் படிக்கவில்லை. அன்றைய பொருள், வெளிநாட்டுப் பழைய மாணவர் பணத்தில் எழவிருந்த நுழைவாயில் வளைவு. வளைவின் உச்சியில் எவர் பெயரை எவ்வளவு பெரிதாகப் பொறிப்பது என்பது பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் நிகழ்ந்தது. ஒரு தாய் எழுந்தார்.

“சேர், தண்ணி மோட்டர் பழுதாகி மூண்டு மாதமாகுது. பிள்ளையள் போத்திலிலை கொண்டு வாற தண்ணி பத்து மணியோடை முடிஞ்சிடுது.”

“அதைப் பிறகு கதைப்பம், அம்மா,” என்றார் தலைவர். அவர் இருந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்ட அறிக்கையில், குடிநீர் தொடர்பாகவுங் கலந்துரையாடப்பட்டது என்றொரு வரி இருந்தது. மலர்களின் செயப்பாட்டு வினை எங்கிருந்து பிறக்கின்றது என்பது அன்றுதான் நமக்குத் தெளிவாயிற்று. அத்தாயின் பெயர் இல்லை. மூன்று மாதம் என்பது இல்லை. பத்து மணி என்பதும் இல்லை. 1960களின் முற்பகுதியில் மக்கள் பேச்சை இலக்கியத்திற் புகவிடலாகாது, அஃது இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் வாதிட்டபோது முற்போக்கு எழுத்தாளர் எதிர்த்து நின்று வென்றனர் என்று நாம் பெருமையோடு கற்பிக்கின்றோம். கதையில் அப்பேச்சு வென்றது. கூட்ட அறிக்கையில் இன்னும் வெல்லவில்லை.

புலம்பெயர்ந்தோரின் கொடையை நாம் குறைத்துக் கூறவில்லை. போரில் இடிந்த சுவர்களை எழுப்பியதிலும், 2022இன் நெருக்கடியிலே கடதாசியும் உணவும் இன்றிப் பள்ளிகள் தவித்தபோது கைகொடுத்ததிலும் அவர்களின் பங்கு பெரிது. ஊரிலிருந்த ஏழைப் பெற்றோரும் தம்மிடமிருந்த அரிசியையும் காய்கறியையுங் கொணர்ந்தனர். இன்னும் முன்னே சென்றால், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபின், நாம் அகரம் எழுதப் பழகியது கிடுகுக் கொட்டிலொன்றில். அக்கொட்டிலை எந்தக் குழுவும் திட்டமிடவில்லை. இடம்பெயர்ந்த ஆசிரியை ஒருவரும் ஏழெட்டுப் பெற்றோரும் சேர்ந்து கட்டினர் எனத் தாயார் கூறுவார். (அங்கும் கிணற்றடியிற் சாதி பார்க்கப்பட்டது என்பதையும் அவரே கூறுவார்.) ஆக, கொடுப்பதற்கு நம்மவர் என்றுந் தயங்கியதில்லை. பிடியரிசி முதல் வளைவு வரை கொடை தொடர்கின்றது. தீர்மானிக்கும் இடத்தில் யார் இருப்பது என்பதிலேதான் வழக்கு.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலே காமராசர் ஆட்சிக் காலத்தில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைமை தாங்கியபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. மக்கள் மேசை நாற்காலி முதல் கட்டடம் வரை வழங்கினர். அதுவுங் கொடையே. அரை நூற்றாண்டு கழித்து, 2009இல் இந்தியா இயற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஓரடி முன்வைத்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினரிற் பாதிப்பேர் பெண்கள். பின்தள்ளப்பட்ட பிரிவினரின் பிள்ளைகளுடைய பெற்றோருக்கு அவர்தம் விகிதப்படி இடம் என அது எழுதிவைத்தது. எழுதியதெல்லாம் அங்கு நடக்கின்றதென நாம் மயங்கவில்லை. கணவன் வந்திருந்து மனைவியின் பெயரிற் கையொப்பமிடும் வழக்கம் இருகரைக்கும் பொது. ஆயினும் ‘சமூகம்’ என்று பொதுப்படச் சொல்லி நிறுத்தாமல், அச்சமூகத்தில் எவர் விடுபட்டுப் போவர் என்பதனை அச்சட்டம் முன்கூட்டியே எண்ணிற்று. நம் சுற்றறிக்கைகளிலே பெற்றோர் பிரதிநிதி என்பதே காணப்படுகின்றது; எந்தப் பெற்றோர் என்ற வினாவை அவை எழுப்பவில்லை. சாதி என்ற சொல் வராதிருப்பதால் சாதி இல்லையென்று ஆகிவிடாது. மாறாக, அச்சொல் வராத இடத்தில் அது வெகு வசதியாக இருக்கின்றது.

இதன் விளைவை ஊர்ப் பள்ளிகளிற் காணலாம். வசதி படைத்தோர் பிள்ளைகள் காலையிலே வானில் ஏறி நகரத்துப் பெரிய பள்ளிகளுக்குச் செல்கின்றனர். புலமைப்பரிசிற் பரீட்சை ஒரு காரணம், ஆங்கிலம் மற்றொன்று, இன்னாருடன் இன்னார் ஒரே வாங்கில் இருப்பதா என்பது வாய்விட்டுச் சொல்லப்படாத மூன்றாவது. ஐம்பதுக்கும் குறைந்த பிள்ளைகளுடன் எஞ்சி நிற்கும் பள்ளியில் மிகுந்திருப்போர், வேறிடஞ் செல்ல வழியற்றோரின் பிள்ளைகள். 1930இல் வாங்கை விட்டெழுந்த அதே ‘ஊர்’ இன்று அமைதியாக, எந்தத் தீயுமின்றி, எழுந்து போய்விட்டது. போனதோடு அமையாமல், சங்கத்தின் முன்வரிசையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. நம்மை நாமே விலக்கிக்கொண்டு இதனைக் கூறுவதற்கில்லை. நம் வீட்டுப் பிள்ளையும் வானில் ஏறுகின்ற பிள்ளையே. ஆசிரியராகிய நாமே நம் ஊர்ப் பள்ளியை நம்பாதபோது, தண்ணீர் கேட்ட அத்தாய் எதனை நம்புவது?

இனி, மலர்களைத் தேடிப் படித்த காரணத்தைக் கூறுவோம். அந்தப் பள்ளிக்கு நூற்றாண்டு வருகின்றது. தமிழ் படித்தவர் என்பதனால் வரலாற்றுக் கட்டுரையை நம்மிடம் ஒப்படைத்தனர். பழைய இடாப்புகள் இடப்பெயர்வில் அழிந்துபோயின. ஆகவே முதியோரைத் தேடினோம். எண்பத்தெட்டு வயது நிரம்பிய ஓர் ஆச்சி, பள்ளிக்குத் தெற்கே, வாய்க்காலுக்கு அப்பால் வாழ்கின்றார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்.

“வாங்கு கிடந்தது, தம்பி. நாங்கள் நிலத்திலைதான். மாரியிலை சாக்கு கொண்டு போவம். அந்தச் சாக்கைப் பள்ளிக்கூடத்திலை வைக்க விடமாட்டினம். பின்னேரம் திரும்பக் கொண்டு வாறது. நனைஞ்ச சாக்கு, பாரம். வாத்தியார் நல்ல மனிசன். ஆனா அவருக்கும் பயம்.”

இதனை ஒரு பக்க அளவில் எழுதிக் குழுவிற் கொடுத்தோம். எவரும் பொய்யென்று கூறவில்லை. பழசைக் கிளறுவானேன் என்றனர். “இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம், மாஸ்ரர்?” என்றார் ஒருவர். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கே படிக்கின்றனர் என்று கேட்க நா எழுந்தது. நம் பிள்ளை படிக்குமிடம் நினைவுக்கு வரவே அடங்கிவிட்டோம். ஈற்றில், அக்காலத்திற் சில ஏற்றத்தாழ்வுகள் நிலவின என்றொரு வரியைச் சேர்த்து அப்பக்கத்தை நீக்கிவிடலாம் என ஓர் இணக்கம் முன்வைக்கப்பட்டது. நாம் இணங்கவில்லை. பக்கம் நம்மிடமே இருக்கின்றது. மலர் தைப்பொங்கலுக்கு முன் அச்சகத்துக்குச் செல்லவேண்டும். அதற்குமுன் கூடவுள்ள கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைக்கும்படியும், வாய்க்காலுக்கு அப்பாலுள்ள பெற்றோர்க்கும் அறிவிக்கும்படியும் எழுத்திற் கேட்டுள்ளோம். மோட்டர் பற்றியும் அதிலே எழுதியுள்ளோம். மூன்று மாதம் இப்போது ஐந்து மாதமாகிவிட்டது.

சென்ற வாரம் ஆச்சியிடம் போய் அப்பக்கத்தை வாசித்துக் காட்டினோம். சாக்கு வருமிடத்தில் நிறுத்தச் சொல்லி, மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். அவர் பெயரை எழுதாமல் ‘முதியவர் ஒருவர்’ என்றே நாம் எழுதியிருந்தோம். அவருக்கு இடைஞ்சல் வரக்கூடாதே என்ற எண்ணம்.

“உது ஆர், முதியவர்?” என்று கேட்டார். “என்ரை பேரைப் போடு, தம்பி.”